மடத்துக் கோழிகளும் மறைந்த அசைகளும்

பிரான்ஸில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தலைமுறை தலைமுறையாக எழுதிக் காட்டப்படும் ஒரு வாக்கியம் உண்டு. பொருள் மிக எளியது: மடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன. கரும்பலகையில் அதன் கடைசி இரண்டு சொற்களைப் பார்த்தால், ஒரே சொல்லைக் கை தவறி இரண்டு முறை எழுதிவிட்டதுபோல் இருக்கும். இரண்டிலும் சி, ஓ, யு, வி, இ, என், டி என்று அதே ஏழு எழுத்துகள், அதே வரிசையில். ஆசிரியர் வாசிக்கும்போதுதான் வேறுபாடு காதில் விழுகிறது: "லே பூல் த்யூ கூவான் கூவ்."

முதலில் வரும் 'கூவான்' பெயர்ச்சொல், மடம். அடுத்து வரும் 'கூவ்' வினைமுற்று, அடைகாக்கின்றன. (தமிழ்க் காதுக்கு அது சேவலின் வேலையாகப் படலாம், இரண்டுக்கும் தொடர்பில்லை.) பெயரில் இரண்டு அசை, கூ-வான். வினையில் ஒன்றே ஒன்று. கடைசியில் நிற்கும் இ, என், டி மூன்றும் பெயரில் மூக்கொலியாக முழங்குகின்றன; வினையில் அவற்றின் சுவடே இல்லை.

மேலே போகும் முன் எழுத்துமுறை பற்றி ஒரு வார்த்தை. இந்த அத்தியாயத்தில் பிரெஞ்சுச் சொல்லின் கடைசியில் வரும் 'ன்' நாக்கு பல்லைத் தொடாத மூக்கொலிக்கு அடையாளம். 'ழ' என்பது நம் ழகரம் அல்ல. சார்த்தரின் முதற்பெயரை 'ழான்' என்று எழுதும் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களின் வழக்கம் இங்கும் பின்பற்றப்படுகிறது. அசை என்பதும் யாப்பின் நேரசை, நிரையசை அல்ல. ஓர் உயிரொலி, அதை முன்னும் பின்னும் ஒட்டிய மெய்கள், அவ்வளவுதான்.

ஒரே எழுத்துக்கோவைக்கு இரண்டு ஒலி ஏன்? விடை லத்தீனில் இருக்கிறது. மடத்தின் பெயருக்கு மூலம் 'கோன்வென்துஸ்', கூட்டம் என்று பொருள். லண்டனின் கோவென்ட் கார்டன் என்ற பெயரில் ஒட்டியிருப்பதும் அதே சொல்தான். இடைக்காலத்தில் அங்கே வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தின் தோட்டம் இருந்தது. வினைக்கு மூலம் 'குபாரே', படுத்திருத்தல். கோழிப்பண்ணைகளில் புழங்கும் இன்குபேட்டர் என்ற சொல் அதன் பங்காளி. 'அவை படுத்திருக்கின்றன' என்பதற்கு லத்தீனில் 'குபந்த்' என்று ஒரே சொல் போதும்.

இரண்டிலும் அழுத்தம் விழும் இடத்தைக் கவனிக்க வேண்டும். கோன்-வென்-துஸ் என்பதில் நடு அசை ஓங்கி ஒலித்தது. கு-பந்த் என்பதில் முதல் அசை ஓங்கியது. லத்தீன் பிரெஞ்சாக மாறிய நூற்றாண்டுகளில் அழுத்தம் பெற்ற அசைகள் பிழைத்தன, அதற்குப் பின் வந்த அசைகள் தேய்ந்தன. 'வென்' அழுத்தம் பெற்றதால் 'வான்' என்று இன்றும் ஒலிக்கிறது. 'பந்த்' அழுத்தம் பெறாததால் அதன் அகரம் மெல்லிய முனகலாகி, தகரம் விழுந்து, முனகலும் அடங்கி, பகரம் மட்டும் வகரமாக மாறி முதல் அசையோடு ஒட்டிக்கொண்டது. எழுத்தர்கள் பழைய விகுதியை விடாமல் எழுதிவந்தார்கள். வேறு வேறு ஊரிலிருந்து வந்த இரண்டு சொற்கள் தாளில் ஒரே உருவத்தில் சந்தித்தது இப்படித்தான்.

கோழிகளை விட்டுவிட்டு 'பேசு' என்ற வினைக்கு வரலாம். நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில் நிகழ்காலத்தை ஒருவர் சொன்னால் காதில் விழுவது இது: ழெ பர்ல், த்யூ பர்ல், இல் பர்ல், நூ பர்லோன், வூ பர்லே, இல் பர்ல். எழுத்தில் ஐந்து வெவ்வேறு வடிவங்கள், ஒலியில் மூன்றுதான். 'நீ'க்குக் கடைசியில் ஓர் எஸ் எழுதுகிறார்கள். 'அவர்கள்' என்றால் என், டி சேர்க்கிறார்கள். எதுவும் ஒலிப்பதில்லை. அன்றாடப் பேச்சில் 'நாம்' என்பதற்கு 'நூ'வைவிட 'ஓன்' என்ற பெயர்தான் அதிகம் வருகிறது. 'ஓன்' வந்தால் வினை மறுபடி 'பர்ல்' ஆகிவிடும். ஆக, வீட்டுப் பேச்சில் ஆறு இடத்தில் ஐந்தில் ஒரே ஒலி.

தமிழில் 'பேசுகிறேன்' என்றாலே போதும், 'நான்' தேவையில்லை. விகுதியே ஆளைச் சொல்லிவிடுகிறது. லத்தீனும் அப்படித்தான் இருந்தது. ஸ்பானிய மொழியும் இத்தாலிய மொழியும் இன்றும் அப்படித்தான் இருக்கின்றன. பிரெஞ்சில் விகுதிகள் ஊமையாகிவிட்டதால் வேலை முன்னால் நிற்கும் பெயருக்குப் போய்விட்டது. 'ழெ', 'த்யூ' இல்லாமல் வெறும் 'பர்ல்' என்றால் யார் பேசுவது என்றே தெரியாது. பிரெஞ்சு கற்கும் தமிழர் பாடப்புத்தகத்தின் வினைப் பட்டியலை எழுத்தெழுத்தாக உருப்போடுவதற்கு முன் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், மனப்பாடச் சுமையில் பாதி அங்கேயே இறங்கிவிடும்.

அந்த ஊமை எழுத்துகள் செத்த எழுத்துகள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் அவற்றில் சில எழுந்து உட்காருகின்றன.

'நேசி' என்ற வினை உயிரொலியில் தொடங்குகிறது: 'எம்'. அவன் நேசிக்கிறான் என்பது 'இல்' கூட்டல் 'எம்'. அதை யாரும் இல், எம் என்று தனித்தனியாகச் சொல்வதில்லை, 'இ-லெம்' என்கிறார்கள். லகரம் தன் சொல்லை விட்டு எகரத்தின் மேல் ஏறிக்கொள்கிறது. தமிழருக்கு இது புதிதல்ல. 'அவன் எங்கே' என்பது வாயில் 'அவனெங்கே' ஆவதும் இதே இயல்பு. இப்போது 'அவர்கள் நேசிக்கிறார்கள்'. பெயரின் கடைசியில் எழுதப்பட்ட, மற்ற இடங்களில் வாய் திறக்காத எஸ், இங்கே வண்டு ரீங்கரிப்பதுபோல் ஒலித்து அடுத்த சொல்லில் ஏறுகிறது: 'இல்-ஸெம்'. ஒருமைக்கும் பன்மைக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அந்த ஒரு ரீங்காரத்தில் இருக்கிறது. அசை பிரியும் இடமும் மாறிவிட்டது. முதலில் லகரம் இரண்டாம் அசையைத் தொடங்கியது. பன்மையில் அதே லகரம் முதல் அசையை மூடுகிறது. அவசரப் பேச்சில் அந்த லகரமும் போய் 'இ-ஸெம்' ஆகும், ரீங்காரம் மட்டும் போகாது. போனால் பன்மையே போய்விடும்.

'பர்ல்' மெய்யில் தொடங்குவதால் அங்கே இந்த உதவி கிடைப்பதில்லை. 'அவன் பேசுகிறான்', 'அவர்கள் பேசுகிறார்கள்' இரண்டும் 'இல் பர்ல்' தான். பேச்சின் சூழலைக் கொண்டுதான் புரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி வாக்கியத்தில் இன்னும் அழகான ஒரு நிகழ்ச்சி உண்டு. வினையை முன்னும் பெயரைப் பின்னும் போட்டால் கேள்வியாகும். 'அவன் பேசுகிறானா?' என்பதற்கு எழுத்தில் வினைக்கும் பெயருக்கும் நடுவே இரண்டு சிறுகோடுகளுக்கு இடையில் ஒரு டி தனியாக நிற்கும், 'பர்ல-தில்?' என்று சொல்வார்கள். லத்தீனில் படர்க்கை ஒருமைக்கு இருந்த தகரம் இவ்வகை வினைகளில் இடைக்காலத்திலேயே மறைந்துவிட்டது. பின்னாளில், 'அவன் தூங்குகிறானா', 'அவன் இருக்கிறானா' போன்ற கேள்விகளில் தகரம் ஒலிப்பதைக் கேட்டுப் பழகிய வாய், அது இல்லாத வினைகளிலும் அதைக் கொண்டுவந்து வைத்தது. இரண்டு உயிர்கள் முட்டிக்கொள்ளாமல் இருக்கவும் அது உதவியது. 'அவர்கள் பேசுகிறார்களா?' என்று கேட்டாலும் ஒலி அதே 'பர்ல-தில்?'. ஆனால் அங்கே ஒலிக்கும் தகரம் விகுதியிலேயே எழுதப்பட்டு நூற்றாண்டுகளாக ஊமையாக இருந்த டிதான். 'விற்கிறானா' என்ற கேள்வியில் வினை 'டி'க்குப் பதில் ஆங்கில டிஓஜியில் வரும் 'டி'யில் முடிகிறது. காதுக்கு அதுவும் வல்லின தகரமாகவே கேட்கும்: 'வான்-தில்?'

இனி அசை பிரிக்கும் முறை. பிரெஞ்சு வாய்க்கு உயிரில் முடியும் திறந்த அசைதான் பிடிக்கும். இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒரு மெய் இருந்தால் அது பின்னால் வரும் உயிரோடு போகும். இரண்டு மெய் இருந்தால் ஆளுக்கொன்றாகப் பிரியும்: பர்-லோன். இரண்டாவது மெய் ரகரமாகவோ லகரமாகவோ இருந்து, முன்னால் ப, த, க போன்ற தடையொலி வந்தால் மட்டும் இரண்டும் பிரியாமல் சேர்ந்து போகும். 'காட்டுகிறோம்' என்பது மோன்-த்ரோன், மோன்த்-ரோன் அல்ல.

இதோடு நின்றால் இலக்கணம் சுலபம். குறுக்கே வருகிறது 'ஊமை எ'. பிரெஞ்சுக்காரர்கள் அதை அப்படியேதான் அழைக்கிறார்கள், 'எ ம்யூயே'. உதடு லேசாகக் குவிந்த அரை மூச்சு அது. நம் குற்றியலுகரத்தை அறிந்தவருக்கு இதன் குணம் சட்டென்று பிடிபடும். 'வீடு' என்பதன் உகரம் அரை மாத்திரையாகக் குறைந்து நிற்கிறது. 'இல்லை' வந்தவுடன் விலகி 'வீடில்லை' ஆகிறது. பிரெஞ்சின் ஊமை எகரமும் உயிர் வந்தால் விலகிக்கொள்ளும். ஒரு படி மேலே போய், மெய் வந்தாலும் முடிந்தவரை விலகும்.

எவ்வளவு முடியும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பிரெஞ்சு மொழியியலாளர் மோரிஸ் கிராமோன் 1894இல் அதை 'மூன்று மெய் விதி' என்று வகுத்தார். எகரம் விழுந்தால் மூன்று மெய்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க நேருமானால், அது விழாது. 'நேசிப்போம்' என்ற எதிர்கால வடிவம் எழுத்தில் எ-மெ-ரோன், மூன்று அசை. பேச்சில் எம்-ரோன், இரண்டுதான். மகரமும் ரகரமும் மட்டுமே சந்திப்பதால் நடு எகரத்துக்கு வேலை இல்லை. 'பேசுவோம்' என்பதில் எகரத்தை விட்டால் ர், ல், ர் மூன்றும் முட்டிக்கொள்ளும். ஆகவே பர்-லெ-ரோன் என்று மூன்று அசையும் பிழைக்கின்றன. இரண்டு வினைக்கும் விகுதி ஒன்று, எழுத்துமுறை ஒன்று. அசைக் கணக்கை வேரின் கடைசி மெய்கள் தீர்மானிக்கின்றன. இந்த விதிக்கு விலக்குகளைப் பின்வந்தவர்கள் நிறையக் காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் கற்பவருக்குக் கையில் கொடுக்கத் தகுந்த முதல் கருவி இதுதான்.

இந்த ஊமை எகரத்தைப் புரிந்துகொண்டால், பிரெஞ்சு கற்பவர்களை அழவைக்கும் இன்னொரு விஷயமும் தெளிவாகும். 'கூப்பிடு' என்ற வினை, 'நான்' என்றால் இரண்டு எல் எழுதும். 'நாம்' என்றால் ஒரு எல். 'வாங்கு' என்ற வினை, 'நான்' என்றால் எகரத்தின் தலையில் ஒரு சாய்கோடு போடும். 'நாம்' என்றால் அதை எடுத்துவிடும். பாடநூல்கள் இவற்றை ஒழுங்கற்ற வினைகள்போல் தனிப்பட்டியலில் போட்டு மிரட்டுகின்றன. ஒலித்துப் பார்த்தால் ஒழுங்கு மட்டுமே தெரியும்.

'நான் கூப்பிடுகிறேன்' என்பது ழ-பெல். கடைசி அசை லகரத்தில் மூடிக்கொள்கிறது. மூடிய அசைக்குள் ஊமை எகரம் வாழ முடியாது. அங்கே வாய் நன்கு திறந்த முழு எகரம் வேண்டும். 'நாம் கூப்பிடுகிறோம்' என்றால் விகுதியின் 'ஓன்' லகரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. நடு அசை திறந்துவிடுகிறது. எகரம் ஊமையாகி விழுகிறது: நூ-ஸ-ப்லோன். ஆக, இரட்டை லகரமும் சாய்கோடும் சொல்வது ஒரே செய்திதான்: 'இங்கே அசை மூடியிருக்கிறது, வாயைத் திற.' ஒரே நோய்க்கு இரண்டு மருத்துவர் இரண்டு மருந்து எழுதியதுபோல், சில வினைகளுக்கு இரட்டிப்பும் சிலவற்றுக்குச் சாய்கோடும் வந்து சேர்ந்தன. 1990 டிசம்பர் 6ஆம் தேதி பிரெஞ்சு அரசிதழில் வெளியான எழுத்துத் திருத்தப் பரிந்துரைகள் இதைக் கொஞ்சம் சீராக்கின: 'கூப்பிடு', 'எறி' என்ற இரண்டு வினைகளும் அவற்றின் குடும்பமும் இரட்டிப்பை வைத்துக்கொள்ளலாம், இவ்வகையில் மற்றவை சாய்கோட்டுக்கு மாறலாம். 'விட்டுக்கொடு' என்ற வினையின் எதிர்காலத்தில் நெடுங்காலமாக மூடிய எகரத்தின் குறியை எழுதி, திறந்த எகரத்தை ஒலித்துவந்தார்கள். அந்தக் குறியும் ஒலிக்கேற்ப மாறலாம் என்றார்கள். பழைய முறையும் தவறில்லை. வாய் முன்பே செய்துவிட்டதை எழுத்து காலம் கடந்து ஒப்புக்கொண்டது.

அழுத்தமும் அசையும் சேர்ந்து வினையின் வேரையே இரண்டாகப் பிளந்த கதை இன்னும் சுவையானது. 'நான் குடிக்கிறேன்' என்பது ழெ ப்வா; 'நாம் குடிக்கிறோம்' என்பது நூ ப்யூவோன். 'சாகிறேன்' மோர், 'சாகிறோம்' மூரோன் என்று உயிரே வேறாகிவிடும். லத்தீனில் ஒருமையில் அழுத்தம் வேரில் விழுந்தது. 'நாம்', 'நீங்கள்' வடிவங்களில் விகுதிக்குத் தாவியது. அழுத்தம் பெற்ற வேருயிர் நீண்டு உடைந்து புது உயிரானது, பெறாத உயிர் வேறு வழியில் போனது.

பழைய பிரெஞ்சில் இந்தப் பிளவு இன்றைவிட எத்தனையோ மடங்கு அதிகம். 'பேசு' என்ற வினையே அப்படித்தான் இருந்தது. அதன் மூலம் 'பரபோலாரே', உவமைக் கதை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஒருமையில் அழுத்தம் நடுவில் விழுந்து 'பரோல்' ஆனது. 'நாம்' வடிவத்தில் அந்த நடு அசை அழுத்தமிழந்து முழுவதுமாக நசுங்கி 'பர்லோன்' ஆனது. இடைக்காலப் பாரிஸ்காரர் ஒருவர் 'நான் பரோல்', 'நாம் பர்லோன்' என்று ஒரே வினையை இரண்டு உடலில் வைத்திருந்தார். காலப்போக்கில் குட்டை வேர் நீண்ட வேரைத் துரத்திவிட்டது. துரத்தப்பட்ட 'பரோல்' பெயர்ச்சொல்லாக, 'சொல், வாக்கு' என்ற பொருளில் இன்றும் இருக்கிறது. 'நேசி' வினையில் நடந்தது நேரெதிர்: 'நாம்' வடிவத்துக்கு இருந்த அகர வேர் தோற்று, ஒருமையின் எகர வேர் எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது. அகரம் 'அமூர்' என்ற காதல் போன்ற சொற்களில் தங்கிவிட்டது. 'கண்டுபிடி' என்பதன் பழைய ஒருமை 'த்ரோவ்' 17ஆம் நூற்றாண்டில் மோலியேரின் 'மிசான்த்ரோப்' நாடகத்தில்கூட வருகிறது; இன்று யாரும் சொல்வதில்லை.

பன்மையைக் காதுக்குக் காட்ட மொழி வைத்திருக்கும் இன்னொரு வழி மெய்யை எழுப்புவது. 'தூங்குகிறான்' இல் தோர், 'தூங்குகிறார்கள்' இல் தோர்ம். 'முடிக்கிறான்' ஃபினி, 'முடிக்கிறார்கள்' ஃபினிஸ். இங்கும் கடைசி என், டி ஒலிப்பதில்லை. ஆனால் அவை பின்னால் நின்று காத்ததால்தான் மகரமும் சகரமும் விழாமல் தப்பின. ஒருமையில் மெய் சொல்லின் வாசலிலேயே நின்றது, அடித்துச் செல்லப்பட்டது. பன்மையில் அதற்குப் பின்னால் ஒரு விகுதி திண்ணைபோல் இருந்தது. திண்ணை இடிந்தபோது வீடு தப்பித்துக்கொண்டது.

இறந்தகாலத் தொடர்வினையை விரைவாகக் கடந்துவிடலாம். 'பேசிக்கொண்டிருந்தேன்' முதல் 'பேசிக்கொண்டிருந்தார்கள்' வரை நான்கு இடங்களில் ஒரே 'பர்லெ'. இந்த விகுதியை 19ஆம் நூற்றாண்டுவரை ஓ, ஐ என்று எழுதிவந்தார்கள். வோல்தேர் ஏ, ஐ என்று எழுத வேண்டும் என வற்புறுத்தினார். பிரெஞ்சு அகாதெமி தன் அகராதியின் ஆறாம் பதிப்பில், 1835இல், இணங்கியது. வோல்தேர் இறந்து அப்போது 57 ஆண்டுகள் ஆகியிருந்தன.

'பர்லே' என்ற ஒலிதான் பிரெஞ்சுப் பிள்ளைகளின் சொல்வதெழுதுதல் நோட்டில் அதிகம் சிவப்பு மை வாங்குவது. 'பேச', 'பேசிய', 'பேசுகிறீர்கள்' மூன்றும் அதே ஒலி. எழுத்து மட்டும் வேறு வேறு. 'பேச' என்பதன் கடைசியில் எழுதும் ரகரம் ஒலிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டது. ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்கும் உபாயம் எளிது: அந்த இடத்தில் 'விற்க' என்ற வினையைப் போட்டுப் பார். 'வான்த்ர்' பொருந்தினால் ரகரம் எழுது, 'வான்த்யூ' பொருந்தினால் குறியிட்ட எகரம் எழுது. கண்ணால் முடியாததைக் காதிடம் கேட்கும் தந்திரம் இது. ஏழு வயதுப் பிள்ளை இலக்கணப் பெயர் எதுவும் தெரியாமலே சரியான விடை சொல்லிவிடும்.

வாசிப்பில் இதே சிக்கல் தலைகீழாகிறது. எழுத்தை ஒலியாக மாற்றும் கணினி நிரலுக்கு 'ப்ரேஸிதான்' என்பது குடியரசுத் தலைவர், 'ப்ரேஸித்' என்பது தலைமை தாங்குகிறார்கள். இரண்டும் எழுத்தில் ஒன்றே. 'கோன்தான்' மகிழ்ச்சியானவன், 'கோன்த்' கதை சொல்கிறார்கள், அவையும் ஒன்றே. எழுத்தை மட்டும் பார்த்து ஒலிக்கும் நிரல் இங்கே தடுக்கி விழும். அந்த இடத்தில் நிற்பது பெயரா வினையா என்பதை முதலில் வாக்கியத்தை அலசித் தீர்மானிக்க வேண்டும்; அதற்குப் பிறகுதான் அசை எண்ணிக்கையே தெரியும். மடத்துக் கோழி வாக்கியம் அத்தகைய நிரல்களுக்கும் நல்ல பரீட்சை.

மறைந்த அசையைக் கேட்க வேறு இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று நாடக மேடை. ராசீனின் நாடகங்கள் அடிக்கு 12 அசை என்ற கணக்கில் எழுதப்பட்டவை. அந்தக் கணக்கில், அடிக்கு நடுவே மெய்யெழுத்துக்கு முன் வரும் ஊமை எகரமும் ஓர் அசை. நடிகர் 'பர்ல்' என்று விழுங்கினால் அடியில் ஓர் அசை குறையும், 'பர்-லெ' என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

மற்றொன்று தென் பிரான்ஸின் தெரு. ஒக்ஸிதான் மொழி வேரோடியிருந்த துலூஸ், மார்செய் பக்கங்களில் ஊமை எகரம் இன்னும் ஊமையாகவில்லை. அங்கே வளர்ந்த ஒரு முதியவரிடம் அந்தக் கரும்பலகை வாக்கியத்தைக் கொடுத்தால் 'பூல்' என்பதை 'பூ-லெ' என்பார், மடத்தைக் 'கூ-வான்' என்பார், கடைசிச் சொல்லில் வகரத்தோடு நிற்காமல் 'கூ-வெ' என்று ஒரு சிறு மூச்சை விடுவார். 'குபந்த்' என்ற லத்தீன் சொல்லின் இரண்டாம் அசையில் எஞ்சியிருப்பது அந்த மூச்சுதான்.